பற்றாசு ஓடவில்லை, வெள்ளி உருகிவிட்டது: வீட்டில் நகை பற்றவைக்கும்போது வரும் கோளாறுகள்

நான் முதன்முதலில் பற்றவைத்தது ஒரு சாதாரண வெள்ளி மோதிரம். இணைப்பை ஒட்டவைக்கும் பற்றாசுத் துண்டு மூன்று முறை உருண்டு கீழே விழுந்தது. நான்காவது முறை பொறுமை இழந்து, தீயை நேராக அதன் மேலேயே காட்டினேன். பற்றாசு பளபளவென்று குன்றிமணி போல உருண்டு நின்றது. மோதிரத்தின் வாய் மட்டும் திறந்தபடியே இருந்தது. தீ பட வேண்டியது பற்றாசின் மேல் அல்ல, வெள்ளியின் மேல் என்பது அப்போது எனக்குத் தெரியாது. வெள்ளி சூடேறி, அந்தச் சூட்டில் பற்றாசு தானாக உருகி ஓட வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் பலவற்றைத் துருவிப் பார்த்தால் இங்கேதான் வந்து நிற்கும்.

பற்றாசு என்று நான் சொல்வது வெள்ளியோடு செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். பட்டறையில் பொடி என்றும் சொல்வார்கள். ஹார்டு, மீடியம், ஈசி என்று மூன்று வகையாகக் கிடைக்கும். ஹார்டில் வெள்ளி பொதுவாக 75 சதவீதம், மீடியத்தில் 70, ஈசியில் 65 என்ற அளவில் இருக்கும். வெள்ளி குறையக் குறைய, ஓடும் சூடும் குறையும். ஈசி ஏறத்தாழ 710 டிகிரி செல்சியஸில் ஓடும், மீடியம் 750 வாக்கில், ஹார்டு 780 பக்கம். தயாரிப்பாளரைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் இருக்கும். நகை செய்யும் 925 வெள்ளியோ (92.5 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு) 800 டிகிரி வாக்கிலேயே இளகத் தொடங்கி, 890 சுமாருக்கு முழுவதும் உருகிவிடும். ஹார்டு பற்றாசு ஓடுவதற்கும் வெள்ளி கெடுவதற்கும் நடுவே இருப்பது மிகச் சின்ன இடைவெளி. அதனால் கை பழகும் வரை மீடியத்தில் வேலை செய்யுங்கள் என்பேன்.

தீயைப் பற்றவைக்கும் முன் சிலவற்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். புகை முகத்துக்கு வராமல் வெளியே போக வேண்டும். பருத்தி உடை, கட்டிய தலைமுடி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான். வாங்கும் பற்றாசு காட்மியம் இல்லாதது என்று உறையில் போட்டிருக்க வேண்டும். பழைய கையிருப்பு என்று யாராவது பெயர் தெரியாத பற்றாசைக் கொடுத்தால் வாங்காதீர்கள். காட்மியப் புகை நுரையீரலைப் பழுதாக்கும், உயிரையும் எடுக்கும்.

பற்றாசு உருண்டையாகி நிற்கிறது, ஓடவே இல்லை

தொடங்குபவர்கள் எல்லோரும் முதலில் சந்திப்பது இதைத்தான். தாமரை இலைத் தண்ணீர் போல வெள்ளியின் மேல் ஒட்டாமல் உருண்டு நிற்கும். அந்த உருண்டையை உற்றுப் பாருங்கள். காரணத்தை அதுவே காட்டிவிடும்.

உருண்டை பளபளவென்று இருந்தால், பற்றாசு உருகிவிட்டது, வெள்ளி இன்னும் அந்தச் சூட்டுக்கு வரவில்லை என்று பொருள். தீயை இணைப்பிலிருந்து விலக்கி, மோதிரத்தின் மற்றப் பக்கங்களில் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். இணைப்புக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி, இரண்டு பக்கமும் சமமாகச் சூடேற்றி, கடைசியில்தான் இணைப்புக்கு வர வேண்டும். வெள்ளி தயாரான நொடியில் உருண்டை சட்டென்று தட்டையாகும். ஒரு வெள்ளிக் கோடு இணைப்பு நெடுக மின்னி ஓடும். கண் சிமிட்டும் நேரம்தான். அதைக் கண்டதும் தீயை எடுத்துவிடுங்கள்.

உருண்டை சாம்பல் நிறத்தில், தோல் போர்த்தியது போலச் சொரசொரப்பாக இருந்தால் கதை வேறு. அதன் மேல் ஆக்சைடு படிந்துவிட்டது. இனி எவ்வளவு சூடு காட்டினாலும் அது ஓடாது, வெள்ளிக்குத்தான் கெடுதல். நிறுத்துங்கள். ஆறவிட்டு, அமிலக் கரைசலில் (என்ன அமிலம் என்று பின்னால் வரும்) போட்டு, கழுவி, வெண்காரத்தை (போராக்ஸ்) புதிதாகத் தடவி மறுபடி தொடங்குங்கள்.

வெண்காரத்தின் வேலை காற்றை வெள்ளியிடம் அண்டவிடாமல் தடுப்பது. அதைவிட எனக்கு அது ஒரு சூடுகாட்டி. தண்ணீரில் குழைத்துத் தடவியதும் பால் போல வெள்ளையாக இருக்கும். மெல்லிய தீ பட்டால் தண்ணீர் வற்றி, நுரைத்துப் பொங்கும். இந்த நேரத்தில் அவசரப்பட்டால் பற்றாசுத் துண்டைத் தூக்கி எறிந்துவிடும். என் மோதிரத்தில் மூன்று முறை நடந்தது அதுதான். பொங்கியது அடங்கியபின் வெள்ளைப் பொருக்காக ஒட்டிக்கொள்ளும். பிறகு மெல்ல உருகி, கடைசியில் தெளிந்த தண்ணீர் போல வெள்ளியின் மேல் படர்ந்து மின்னும். அப்படித் தெளிந்துவிட்டால் பற்றாசு ஓடும் சூடு தொலைவில் இல்லை. தொடங்கிய புதிதில் நான் பற்றாசே வைக்காமல், வெறும் வெள்ளித் தகட்டில் வெண்காரத்தை மட்டும் தடவி இந்த மாற்றங்களைப் பத்துப் பதினைந்து முறை பார்த்தேன். அந்த ஒரு மாலை வேலை எனக்கு இன்றுவரை உதவுகிறது.

இன்னும் ஒன்று, அழுக்கு. விரல் ரேகையின் எண்ணெய்ப் பசை போதும், பற்றாசு அங்கே ஓடாது. இணையும் இரண்டு முகங்களையும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, அதன் பிறகு விரலால் தொடாதீர்கள். பற்றாசுக்கும் இது பொருந்தும். மாதக்கணக்காக டப்பாவில் கிடந்த பற்றாசுத் தகடு மங்கியிருக்கும். வெட்டுவதற்கு முன் அதையும் தேய்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நேரம் காட்டினாலும் சூடே ஏறவில்லை

உலோகங்களிலேயே வெப்பத்தை வேகமாகக் கடத்துவது வெள்ளி. ஓரிடத்தில் நீங்கள் கொடுக்கும் சூட்டை அது உடனே மற்ற இடங்களுக்கு அனுப்பிவிடும். அதனால்தான் இணைப்பை மட்டும் தனியாகச் சூடாக்கும் வித்தை வெள்ளியில் பலிக்காது, பொருள் முழுவதும் சூடேற வேண்டும். கையடக்க பியூட்டேன் டார்ச் மெல்லிய மோதிரத்துக்கும் தோட்டுக்கும் போதும். அகலமான வளையலையோ பெரிய பதக்கத்தையோ அதை வைத்துக்கொண்டு பற்றவைக்க முயன்றால், வெள்ளி சிவப்பதற்கு முன் வெண்காரம் தன் வேலையை முடித்துக்கொண்டுவிடும். ஒன்றிரண்டு நிமிடத்தில் பற்றாசு ஓடவில்லை என்றால் நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுவதே நல்லது.

பெரிய டார்ச் வாங்கும் முன், கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரும்புத் தட்டு, கருங்கல், தரை ஓடு எல்லாம் சூட்டை உறிஞ்சிவிடும். கரிக்கட்டியின் மேல் வைத்தால் அதே டார்ச்சில் வேலை நடக்கும், ஏனென்றால் கரி சூட்டைத் திருப்பி அனுப்பும். பொருளைச் சுற்றி ஆக்சிஜனையும் குறைக்கும். கரி இல்லையென்றால் வெப்பம் தாங்கும் லேசான சூளைச் செங்கல் போதும். இரண்டு பக்கமும் பின்னாலும் செங்கல் வைத்துச் சின்னக் குகை போல ஆக்கிக்கொண்டால் வித்தியாசம் உடனே தெரியும். பொருளைப் பிடித்திருக்கும் சாமணமும் சூட்டைத் திருடும். தடித்த சாமணத்தை இணைப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பிடிக்காதீர்கள்.

தீயின் எந்த இடத்தைக் காட்டுகிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். தீக்குள் கூர்மையான ஒரு நீலக் கூம்பு தெரியும். அதன் நுனிக்குச் சற்று முன்னால்தான் சூடு அதிகம். கூம்பே வெள்ளியைத் தொடுமாறு நெருங்கிப் பிடித்தால் சூடு குறையும். டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனால் நல்லது என்று தோன்றினாலும் உண்மை அதற்கு நேர்மாறு.

ஒரு பக்கம் மட்டும் ஓடி, மறுபக்கம் ஒட்டவில்லை

உருகிய பற்றாசு சூடு அதிகமாக இருக்கும் பக்கத்துக்குத்தான் ஓடும். எனவே அது ஓடிய பக்கம் முதலில் சூடாகிவிட்டது, அவ்வளவுதான். மெல்லியதும் தடித்ததும் சேரும் இடத்தில் இது கட்டாயம் நடக்கும். தோட்டின் தகட்டில் தண்டுக் கம்பியைப் பற்றவைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 0.8 மி.மீ. கம்பி இமைப்பொழுதில் சிவந்துவிடும், தகடு அப்போதுதான் வெதுவெதுப்பாக இருக்கும். பற்றாசு முழுவதும் கம்பியில் ஏறிக்கொண்டு, தகட்டை எட்டிக்கூடப் பார்க்காது.

இதற்கு நான் செய்வது இது. தகட்டில் பற்றாசை வைத்து, தகட்டை மட்டும் சூடாக்கி, பற்றாசை அங்கேயே ஓடவிடுவேன். பிறகு கம்பியின் நுனியை வெண்காரத்தில் தோய்த்துச் சாமணத்தில் பிடித்துக்கொண்டு, தகட்டை மறுபடி சூடாக்குவேன். பற்றாசு மின்னும்போது கம்பியை அதில் இறக்கி, தீயை விலக்கிவிட்டு, மனத்துக்குள் ஐந்து எண்ணும் வரை கையை அசைக்க மாட்டேன். அந்த ஐந்து நொடி மிக முக்கியம். உறையும்போது கம்பி அசைந்தால் இணைப்பு உள்ளுக்குள் நொறுங்கிவிடும், வெளியே தெரியாது.

பற்றாசு ஓடியது, ஆனால் இடைவெளி அப்படியே இருக்கிறது

பற்றாசு பள்ளத்தை நிரப்பாது. இரண்டு முகங்கள் நெருங்கியிருக்கும் மெல்லிய சந்தில் தானாக உறிஞ்சப்பட்டு ஓடுவதுதான் அதன் இயல்பு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இப்படித்தான். சந்து அகலமாக இருந்தால், எத்தனை துண்டு வைத்தாலும் இரண்டு கரையிலும் ஒட்டிக்கொண்டு நடுவில் வெறுமையாகத்தான் இருக்கும்.

பற்றவைக்கும் முன் மோதிரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வாயில் கீற்றளவு வெளிச்சம் தெரிந்தாலும் அது தயாராகவில்லை. இரண்டு முனைகளையும் தனித்தனியாக அரத்தால் தேய்த்தால் கோணம் பொருந்துவது கடினம். எளிய வழி, வாயை ஒட்ட மூடி, மெல்லிய வாளை அந்த வாய்க்குள்ளேயே ஒரு முறை விட்டு அறுப்பது. வாள் இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் செதுக்குவதால், மறுபடி மூடும்போது ஒன்றோடொன்று கச்சிதமாக உட்காரும். பொருத்தம் சரியாக இருந்தால் 1 மி.மீ. சதுரத் துண்டு ஒன்றிரண்டே சாதாரண மோதிரத்துக்குப் போதும். நிறைய வைத்தால் பலம் கூடாது, அரம் பிடிக்கும் வேலைதான் கூடும்.

சூடானதும் வாய் திறந்துகொள்கிறது

குளிர்ந்த நிலையில் வளைத்த வெள்ளிக்குள் ஒரு விறைப்பு தங்கியிருக்கும். சூடு பட்டதும் அது தளர்ந்து, முனைகள் விலகும். முதலில் காய்ச்சி மென்மையாக்கிவிட்டு வளைப்பதுதான் தீர்வு. மங்கிய வெளிச்சத்தில் வெள்ளி லேசான சிவப்பாகத் தெரியும் சூடு, சுமார் 650 டிகிரி, போதும். வண்ணம் பார்க்கத் தெரியாதவர்கள் அழியாத மை பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம். கோடு மறையும்போது ஏறத்தாழ அந்தச் சூடு வந்திருக்கும்.

மூடும்போது முனைகளை ஒன்றையொன்று தாண்டிப் போகும்படி இரண்டு பக்கமும் மாறி மாறித் தள்ளி, பிறகு நேருக்கு நேர் கொண்டுவாருங்கள். அப்போது அவை தாமாகவே ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு நிற்கும். அப்படியும் நிற்காத பெரிய பொருள்களுக்கு இரும்புக் கட்டுக்கம்பியால் சுற்றலாம். வெள்ளி விரியும்போது கம்பி அதில் பதிந்துவிடாதிருக்க, கம்பியில் ஒரு சின்ன மடிப்பு விட்டுச் சுற்றுங்கள். அமிலத்தில் போடும் முன் கம்பியை அவிழ்த்துவிடுங்கள். ஏன் என்று பின்னால் வரும்.

பார்க்க ஒட்டியிருக்கிறது, தட்டினால் பிரிகிறது

பற்றாசு ஓடும் முன்பே தீயை எடுத்துவிட்டீர்கள். துண்டு உருகி, மேலே மட்டும் பிடித்துக்கொண்டது. உட்புறத்தைப் பாருங்கள்: மேலே வைத்த பற்றாசு கீழ்ப்பக்கத்திலும் கோடாக எட்டிப்பார்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் வெண்காரம் தடவி மறுபடி சூடாக்குங்கள், இந்த முறை தீ கீழிருந்து வரட்டும். சூடு இருக்கும் பக்கம் அது இறங்கி வரும்.

வெள்ளி உருகிவிட்டது

இது நடந்த அன்று மனசு உடைந்துபோகும். விளிம்பு சுருண்டு, மெல்லிய கம்பி பந்தாகத் திரண்டு, பல மணி நேர வேலை ஒரு கட்டியாகிவிடும். ஆனால் வெள்ளி எச்சரிக்காமல் உருகுவதில்லை. மங்கலான சிவப்பு, பிறகு நல்ல செந்நிறம், பிறகு ஆரஞ்சை நோக்கிப் போகும் சிவப்பு. அதன் பின் மேற்பரப்பு வழவழவென்று கண்ணாடி போல நெளியத் தொடங்கும். அந்த நெளிவைப் பார்த்துவிட்டால் தீயை உடனே எடுக்க வேண்டும், யோசிக்க நேரமில்லை.

பலர் இந்த வண்ணங்களைப் பார்க்காமலே போவதற்குக் காரணம் வெளிச்சம். வெயில் விழும் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தால் 650 டிகிரிச் சிவப்பு கண்ணுக்கே தெரியாது. தெரிந்தபோது வெள்ளி உருகும் நிலையில் இருக்கும். அறையை மங்கலாக வைத்துக்கொள்ளுங்கள், விளக்கு பின்னால் இருக்கட்டும். ஒரு துண்டு கழிவு வெள்ளியை எடுத்து, வேண்டுமென்றே உருகும் வரை சூடாக்கிப் பாருங்கள். ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால் எங்கே நிறுத்த வேண்டும் என்று கைக்குத் தெரிந்துவிடும்.

ஒரு வேடிக்கையான உண்மை இங்கே இருக்கிறது. சுத்த வெள்ளி 962 டிகிரியில் உருகும், செம்பு 1085 டிகிரியில். ஆனால் 72 பங்கு வெள்ளியும் 28 பங்கு செம்பும் கலந்தால் அது 780 டிகிரியிலேயே உருகிவிடும், இரண்டையும் விடக் குறைவாக. 925 வெள்ளி சுத்த வெள்ளியைவிட முன்னதாக இளகுவதும் இதனால்தான், வெள்ளியை வெள்ளியால் பற்றவைக்க முடிவதும் இதனால்தான். கல்லைச் சுற்றி வரும் மெல்லிய பட்டையைச் சுத்த வெள்ளியில் செய்யச் சொல்வதில் இந்த லாபமும் உண்டு. மற்ற பாகங்களைவிட அது கொஞ்சம் கூடுதலாகச் சூடு தாங்கும். அப்படியும் அந்தப் பட்டையின் மேல் நேராகத் தீ படக் கூடாது. அடித்தகட்டைச் சுற்றியும் கீழிருந்தும் சூடாக்குங்கள்.

கல் பதித்தபின் பற்றவைக்காதீர்கள். முத்து, ஓப்பல், டர்க்காய்ஸ் எல்லாம் இந்தச் சூட்டில் வெடிக்கும் அல்லது நிறம் செத்துப்போகும். பற்றவைப்பு எல்லாம் முடிந்து, கழுவி, மெருகு ஏற்றிய பிறகுதான் கல்.

இணைப்பில் ஊசிமுனைத் துளைகள்

மெருகு போடும்போதுதான் இவை வெளியே வரும். பற்றாசில் இருக்கும் துத்தநாகம் 907 டிகிரியில் கொதிப்பது. அதற்குக் கீழேயே ஆவியாகக் கசியத் தொடங்கிவிடும். தேவைக்கு மேல் சூடாக்கினாலும், ஓடிய பிறகும் தீயை விடாமல் பிடித்திருந்தாலும், ஒரே இணைப்பைப் பல முறை சூடாக்கினாலும் துளை விழும். உள்ளே சிக்கிய வெண்காரமும் குமிழியாக நிற்கும். துளையின் மேல் புதுப் பற்றாசைக் கொட்டி மூடினால் நிலைக்காது. அந்த இடத்தை வாளால் அறுத்துத் திறந்து, சுத்தமாக்கி, புதிதாகப் பற்றவைப்பதுதான் முறை. நேரம் பிடிக்கும், ஆனால் ஒரு முறையோடு முடியும்.

துளைகள் இணைப்பைத் தாண்டி, சாம்பல் நிறப் புண் போலப் பரவுகின்றனவா? அப்படியானால் ஈயம் பட்டிருக்கிறது. ஈயம் 327 டிகிரியிலேயே உருகும், வெள்ளீயம் 232 டிகிரியில். யாரோ முன்பு மின்னணு வேலைக்கான ஈயக் கம்பியை வைத்து ஒட்டிய பழைய நகையை நாம் டார்ச்சில் காட்டினால், அந்த ஈயம் வெள்ளியைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். அரித்த குழி ஆறியபின் மீளாது. அதனால் பழைய நகை எது வந்தாலும் நான் முதலில் கண்ணாடி வில்லையில் இணைப்புகளைப் பார்ப்பேன். மங்கிய சாம்பல் நிறத்தில், நகம் வைத்தாலே கீறல் விழும் அளவு மென்மையான கறை இருந்தால் அது ஈயம். அதை அரத்தால் மிச்சமில்லாமல் எடுத்தபின்தான் தீ. எடுக்க முடியாத இடத்தில் இருந்தால் அந்த நகையைத் தொட வேண்டாம். ஈயத்துக்குப் பயன்படுத்திய அரத்தையும் செங்கல்லையும் வெள்ளி வேலைக்குக் கொண்டுவர வேண்டாம்.

இரண்டாவது இணைப்பைச் செய்யும்போது முதலாவது கழன்றுவிட்டது

முதல் இணைப்புக்கு ஹார்டு, அடுத்ததற்கு மீடியம், கடைசிக்கு ஈசி என்ற வரிசையில் போனால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது. மூன்று தகடுகளும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், வாங்கிய அன்றே ஆணியால் கீறி அடையாளம் போட்டுவிடுங்கள். ஒரே வகைப் பற்றாசுதான் கையில் இருக்கிறது என்றால், காவிப் பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பழைய இணைப்பின் மேல் தடவிக் காயவிடுங்கள். காவி படிந்த இடத்தில் பற்றாசு ஓடாது. புதிய இணைப்புக்குள் அது வழிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அங்கேயும் ஓடாது.

கறுத்துவிட்டது, சிவந்துவிட்டது

கருப்பு என்பது செம்பு ஆக்சைடு. 925 வெள்ளியில் இருக்கும் 7.5 சதவீதச் செம்பு காற்றோடு சேர்ந்து உண்டாக்கியது. வெதுவெதுப்பான அமிலக் கரைசலில் சில நிமிடம் போட்டால் போய்விடும். வீட்டில் சிட்ரிக் அமிலமே போதும், 1 லிட்டர் சுடுதண்ணீருக்கு 100 கிராம் அளவில். படிகாரக் கரைசலிலும் வேலை நடக்கும், கொஞ்சம் மெதுவாக. பாத்திரம் இந்த வேலைக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள், சமையலுக்குத் திரும்பக் கூடாது. சிவந்த நிலையில் இருக்கும் வெள்ளியை நேராக அமிலத்தில் போடாதீர்கள். கரைசல் தெறிக்கும், ஆவி மூக்கில் ஏறும். சிவப்பு அடங்கியதும் தண்ணீர், தண்ணீருக்குப் பின் அமிலம். நகையின் மேல் பச்சையாகவோ கண்ணாடிச் சில்லுப் போலவோ ஒட்டியிருப்பது வெண்காரத்தின் மிச்சம், அதுவும் இதிலேயே கரையும்.

கரையாதது ஒன்று உண்டு. மெருகு போட்டபின் நகையில் ஊதா கலந்த சாம்பல் நிறத்தில் மேகம் போலத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால், ஆக்சிஜன் மேற்பரப்பைத் தாண்டி உள்ளே போய்ச் செம்பைக் கறையாக்கியிருக்கிறது. அமிலம் அவ்வளவு ஆழம் போகாது. உப்புத்தாளால் அந்த அடுக்கையே தேய்த்து எடுக்க வேண்டும். வராமல் தடுக்க, போரிக் அமிலத்தை எரிசாராயத்தில் (ஸ்பிரிட்) கலக்கி, நகை முழுவதையும் அதில் தோய்த்து, வெளியே எடுத்து, அந்த ஈரத்துக்குத் தீ வைத்து எரியவிடுங்கள். பச்சைத் தீயாக எரிந்து அடங்கி, வெள்ளைப் பூச்சு ஒன்று தங்கும். அதன் பிறகு வழக்கம்போல வெண்காரம். சாராயக் குப்பியை இறுக மூடித் தொலைவில் வைத்தபின்தான் தீக்குச்சியைத் தொட வேண்டும்.

அமிலத்திலிருந்து எடுத்தால் நகை ரோஜா நிறத்தில் இருக்கிறது

இரும்பு உள்ளே போயிருக்கிறது. சாமணமோ, அவிழ்க்க மறந்த கட்டுக்கம்பியோ. கரைசலில் ஏற்கெனவே கரைந்திருக்கும் செம்பு, இரும்பு வந்ததும் வெள்ளியின் மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. கரைசலைக் கொட்ட வேண்டியதில்லை, இரும்பை எடுத்துவிட்டால் அது பழையபடி வேலை செய்யும். சிவந்த நகையை மட்டும் தனிப் பாத்திரத்தில், புதுக் கரைசலோடு கொஞ்சம் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்துப் போட்டால் படலம் போய்விடும். இனிமேல் செம்பு, மூங்கில், பிளாஸ்டிக், இவற்றில் ஒன்றால் எடுங்கள்.

நகை மெருகே இல்லாமல் சுண்ணாம்பு போல வெளுத்திருக்கிறது என்று சிலர் பயந்துபோவார்கள். அது கோளாறு அல்ல. மேற்பரப்பில் இருந்த செம்பை அமிலம் எடுத்துவிட்டதால் சுத்த வெள்ளி மட்டும் பொடித்துகளாக மேலே நிற்கிறது. பித்தளைத் தூரிகையும் சோப்புத் தண்ணீரும் போட்டுத் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும்.

பற்றாசுக் கோடு தனியாகத் தெரிகிறது

ஈசி பற்றாசின் நிறம் சற்று மஞ்சளாக இருக்கும், நாளாக ஆகச் சீக்கிரம் மங்கும். கண்ணில் படும் இடத்துக்கு ஹார்டு போடுங்கள்.

முன்பு விறைப்பாக இருந்த நகை இப்போது கையாலேயே வளைகிறது

பற்றவைத்த சூட்டில் வெள்ளி மென்மையாகிவிட்டது. பற்றவைத்த எல்லா வெள்ளிக்கும் இது நடக்கும். மோதிரத்தை உருளைக் கோலில் மாட்டி மரச் சுத்தியலால் சுற்றித் தட்டினால் விறைப்பு திரும்பும். தோட்டின் தண்டுக்கு இன்னும் எளிது: நுனியைக் குறடால் பிடித்து, தகட்டை அசையாமல் வைத்துக்கொண்டு, மெல்ல ஒரு அரைச் சுற்று திருகுங்கள். கம்பி இறுகும். இணைப்பு சரியில்லை என்றால் அப்போதே கழன்றுவிடும். காதில் போட்டபின் கழல்வதைவிட அது நல்லது.

கிண்ணம் போன்ற இரண்டு பாதிகளைச் சேர்த்து உருண்டை செய்தேன், பட்டென்று வெடித்தது

உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்திருக்கிறது. மூடிய எந்தப் பொருளிலும் பற்றவைக்கும் முன் சிறிய துளை ஒன்று போட்டே ஆக வேண்டும். தவிர்க்க வழியில்லை, கண்ணும் முகமும் அருகில் இருக்கின்றன. துளை போட்டால் வேறு ஒரு வேலை சேர்ந்துகொள்ளும்: அமிலம் உள்ளே புகுந்து தங்கும். மறுபடி தீ காட்டினால் அது கொதித்துத் துளை வழியாகப் பீறிடும். தீயே காட்டாமல் விட்டாலும் சில வாரம் கழித்துத் துளையோரம் பச்சையாகக் கசியும். எனவே அமிலத்திலிருந்து எடுத்த உருண்டையைச் சமையல் சோடா கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். அதன் பின் நல்ல தண்ணீரில் இன்னொரு முறை கொதிக்கவைத்து, துளை கீழே இருக்கும்படி துணியில் நிறுத்தி, இரவு முழுவதும் காயவிடுங்கள். காலையில் துணியில் ஈரம் தெரிந்தால் இன்னொரு நாள் விட்டுவிடுங்கள்.